வெள்ளமும் மர வளையமும்

ஆசிரியருக்கு,

அடிமரத்தின் குறுக்குவெட்டில் ஆண்டுக்கு ஒன்றாகத் தெரியும் மர வளையங்கள் பற்றிய கட்டுரையில் ‘அகல வளையம் என்றால் நல்ல மழை, குறுகல் என்றால் வறட்சி’ என்று முடித்துவிட்டீர்கள். அவ்வளவு சுலபமில்லை. வேர்கள் வாரக்கணக்கில் நீரில் மூழ்கினால் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து வளர்ச்சி முடங்கும். வெள்ள ஆண்டிலும் வளையம் ஒல்லியாகலாம். அமேசான் ஆற்றுச் சமவெளியில் வளர்ச்சியை நிறுத்தி வளையம் பிரிக்கும் குளிர்காலமே கிடையாது. அங்கே பல மரங்களில் ஆண்டு வளையம் விழுவதே வருடாந்தர வெள்ளத்தால்தான். ஓக் மரத்தில் இன்னும் வேடிக்கை: வசந்தகால வெள்ளத்தில் மாட்டினால் அந்த வளையத்தில் நீரை மேலே கடத்தும் நுண்குழாய்கள் வழக்கத்தைவிடச் சிறுத்துவிடும். அப்புறம், மரம் நிற்கும் இடம். பாறைச்சரிவு மரம் ஒவ்வொரு வறட்சியையும் பதிவு செய்யும். நிலத்தடி நீர் எட்டும் இடத்தில் நிற்பதோ ஏறக்குறைய ஒரே அகலத்தில் வளையம் போட்டுக்கொண்டே போகும். எந்த இடத்து மரம் என்று சொல்லாமல் வளையப் படத்தை மட்டும் அச்சிட்டால் வாசகருக்கு என்ன புரியும்?

- ஒரு வாசகர்