கிளைச் சிறைக் காவலருக்கு மருத்துவப் பயிற்சி

ஆசிரியருக்கு,

இரண்டாம் நிலைச் சிறைக் காவலர் தேர்வு குறித்த செய்தியைப் படித்தேன். உயரம், மார்பளவு, ஓட்டம் எல்லாம் விரிவாக இருந்தன. தேர்வானவர்களுக்கு என்ன கற்றுத்தரப்படும் என்று ஒரு வரிகூட இல்லை. வேலூரில் 1979 முதல் சிறைத் துறைப் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. ஆனால் பயிற்சியின் அருமை தெரியும் இடம், விசாரணைக் கைதிகளை வைக்கும் சிறிய கிளைச் சிறைதான். மத்திய சிறைக்குள் மருத்துவமனை உண்டு. கிளைச் சிறைக்கு இரவில் வரும் ரிமாண்ட் கைதியின் உடல்நிலையை முதலில் பார்ப்பவர் காவலரே. 2020-இல் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட சாத்தான்குளம் தந்தையும் மகனும் காயங்களோடுதான் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள் என்பதை எப்படி மறப்பது?

இலவச சட்ட உதவி வழக்கறிஞராக ஒரு கிளைச் சிறைக்குச் சென்றிருந்தேன். முந்தைய நாள் அடைக்கப்பட்ட கூலித் தொழிலாளி, கை நடுங்கித் தண்ணீர்க் குவளையைப் பிடிக்க முடியாமல் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டிருந்தார். “நடிக்கிறான்” என்றார் இளம் காவலர். குடியைத் திடீரென நிறுத்தியதால் வந்த நடுக்கம் அது என்று புரிந்துகொண்டு, மருத்துவமனைக்கு அனுப்பியவர் மூத்த காவலர். இளைஞரைக் குறைசொல்ல மாட்டேன்; அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. புதிய காவலர் ஒவ்வொருவரையும் பணியில் அமர்த்தும் முன், அரசு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் இரண்டு வாரமாவது பயிற்சி பெறச் செய்ய வேண்டும்.

- வழக்கறிஞர் ஒருவர், திருநெல்வேலி