திக்குறிச்சி வரை போதும், அண்ணா

அன்புள்ள அண்ணனுக்கு,

சிவராத்திரியன்று பிற்பகல் உங்கள் வீட்டு வாசலில் மோர்ப் பானையோடு நானும் மைனியும் மட்டும்தான் நின்றோம். திருவிடைக்கோட்டுப் பக்கமிருந்து "கோவிந்தா... கோபாலா" என்ற குரல் காதில் விழுந்ததுமே முற்றத்தில் இறங்கிவிடுகிறவர் நீங்கள். நம் குமரி மாவட்டத்தின் பன்னிரண்டு சிவன் கோவில்களையும் ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தை நீங்கள் நிறுத்திய பிறகும், இத்தனை வருடங்களாக ஓட்டக்காரர்களுக்கு முதல் டம்ளரை நீட்டியது உங்கள் கைதான். இந்த வருடம் உள்ளறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை வந்து கூப்பிட்டேன். "முட்டு வலிக்கிறது, நீ போ" என்றீர்கள். கூட்டம் வீட்டைக் கடக்கும்போது ஜன்னல் திரை ஒரு சாண் விலகியதைப் பார்த்தேன், அண்ணா. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இதைப் பொதுவில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்களில் உங்களைப் போல் உட்கார்ந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். பனையேறியவர்கள், விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டியவர்கள், கடலில் வள்ளம் இறக்கியவர்கள். உடம்பையே மூலதனமாக வைத்துப் பிழைத்தவர்கள் இன்று நாற்காலியே கதி என்று இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இதைப் படிக்கட்டும்.

உங்கள் ஓட்டம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 19 வயதில் தொடங்கி 50 தாண்டும்வரை ஒரு வருடம் விட்டதில்லை. காவி வேட்டி, வெறுங்கால், கையில் பனையோலை விசிறி. விசிறிக் காம்பில் இரண்டு சிறு பைகள், ஒன்றில் திருநீறு, இன்னொன்றில் சில்லறை. திருமலையில் கிளம்பினால் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியில் திருநட்டாலம். பன்னிரண்டையும் மூச்சு விடாமல் சொல்லச் சொல்லி என்னைப் பழக்கினீர்கள். ஒரு வருடம் நான் கேட்டேன், இவ்வளவு தூரத்தை நினைத்தால் மலைப்பாக இருக்காதா என்று. "திருமலையில் நின்றுகொண்டு நட்டாலத்தை நினைக்கிறவன் ஓடி முடிக்க மாட்டான். திக்குறிச்சியை நினைக்க வேண்டும், அது போதும்" என்றீர்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

இப்போது முட்டுக்கு வருகிறேன். போன வருடம் ஒரு மருத்துவர் உங்கள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "தேய்மானம். படி ஏறாதீர்கள், தரையில் உட்காராதீர்கள், நடையைக் குறையுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். நானும் கூட இருந்தேன். முதல் இரண்டிலும் அர்த்தம் இருக்கிறது. மூன்றாவதைக் கேட்டு நீங்கள் நடையைக் குறைக்கவில்லை, நிறுத்தியே விட்டீர்கள். தேய்ந்த டயரை ஓட்டினால் மேலும் தேயும் என்று பஸ் நடத்துநராகவே வாழ்ந்தவர் நினைப்பது இயல்புதான். ஆனால் முட்டு உயிருள்ள பொருள். எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது சத்தை எடுக்கிறது. காலை ஊன்றும்போது பிழியப்பட்டு, எடுக்கும்போது உறிஞ்சிக்கொள்கிறது. அசையாத முட்டுக்கு அந்தத் தீனி சரியாகப் போய்ச் சேர்வதில்லை. தேய்ந்தது திரும்ப வளர்ந்துவிடும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். ஆனால் முட்டுக்கு வரும் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்கிக்கொடுப்பது தொடையின் முன்தசை. அதை வளர்க்கலாம். உட்கார்ந்த இந்தச் சில மாதங்களில் உங்கள் தொடை எவ்வளவு வற்றிவிட்டது என்பதை மைனி கவனித்துச் சொன்னாள். முட்டு கெட்டதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த வயதில் தசை எங்கே வளரும் என்பீர்கள். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் காப்பகத்தில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் சராசரி வயது 90. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேலே போனது. உங்களுக்கு வயது 71.

நான் என் கதையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. இரண்டு வருடம் முன்பு ஆனி மழையில் முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்தேனே, அதில் இடது மணிக்கட்டு உடைந்தது எல்லோருக்கும் தெரியும். மாவுக்கட்டுப் பிரித்த பிறகு கை சரியாயிற்று. ஆனால் ஆறு மாதம் நான் தனியாக முற்றத்தில் இறங்கவில்லை. துணி காயப்போடக் கூட மகளைக் கூப்பிட்டேன். கால் நன்றாகத்தான் இருந்தது. பயம் காலைக் கட்டிப்போட்டிருந்தது.

பிசியோதெரபி செய்ய வந்த பெண் என் மகளைவிட இளையவள். "கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள், அம்மா" என்றாள். இது ஒரு காரியமா என்று நினைத்து முயன்றேன். எழ முடியவில்லை. பாதி எழுந்து தொப்பென்று விழுந்தேன். 40 வருடம் வகுப்பில் நின்றுகொண்டே பாடம் நடத்திய எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் கட்டிலிலிருந்து இரண்டு தலையணைகளை எடுத்து வந்து நாற்காலியில் அடுக்கினாள். இருக்கை உயர்ந்தது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். "பாதத்தைப் பின்னால் இழுங்கள், நெஞ்சை முன்னால் சாயுங்கள், இப்போது எழுங்கள்." எழுந்தேன். மூன்று முறை. தொடை வெடவெடவென்று நடுங்கியது. அன்றைக்கு அவ்வளவுதான், மூன்றே முறை. முதல் தலையணையை எடுத்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்தேன், புரட்டாசி 9. இரண்டாவதை எடுத்தது கார்த்திகையில். இன்று காலை பன்னிரண்டு முறை எழுந்து உட்கார்ந்தேன், தலையணை இல்லாமல். சோறு கொதிக்கும் நேரத்தில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலிலும் மாறி மாறி நின்று பத்து எண்ணுகிறேன், விழாமல் இருக்க. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் சொல்லியிருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிட நடையும் அவர்கள் சொல்வதுதான். ஆனால் அதே ஏட்டில், முடியாதவர்கள் முடிந்த அளவு செய்யட்டும், கொஞ்சமும் நல்லதே என்றும் இருக்கிறது. அந்த வரி நமக்காக எழுதியது.

பேரன் உங்கள் போனில் காலடி எண்ணும் ஆப் போட்டுக் கொடுத்தான். தினம் 10,000 என்று இலக்கு. மூன்றாம் நாள் 1,900-இல் நின்றதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டீர்கள். அந்த 10,000 எந்த ஆராய்ச்சியிலிருந்தும் வந்ததல்ல, அண்ணா. 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிமானிக்கு வைத்த பெயரிலிருந்து வந்த எண். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சராசரி 72 வயதுள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு தெளிவாகக் குறைவு. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. உங்கள் 1,900-க்கும் 4,400-க்கும் நடுவே இருப்பது ஒரு மலையல்ல. வீட்டிலிருந்து கோவில் குளம் வரை காலையும் மாலையும் போய் வந்தால் தீர்ந்துவிடும். முதல் மாதம் பாதி வழி போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், உங்கள் தொழில் பற்றியது. 1953-இல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு எழுதினார். ஒரே பஸ், ஒரே புகை. உட்கார்ந்து ஓட்டியவர்களைவிட, நாள் முழுக்கப் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகம் பெரிதாகப் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 31 வருடம் நீங்கள் பேச்சிப்பாறை பஸ்ஸில் நெரிசலுக்குள் நின்றபடியே செய்த வேலை உங்கள் நெஞ்சைக் காத்திருக்கிறது. ஓய்வு பெற்றபோது அந்தக் காவலும் ஓய்வு பெற்றுவிட்டது.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் உங்களைத் தடுப்பது முட்டு மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். தை மாதம் ஒரு நாள் மைனி பிடிவாதம் பிடித்து உங்களைக் கடை வரை அனுப்பினாள். திரும்பி வரும் வழியில் யாரோ, "என்ன அண்ணாச்சி, ஓட்டக்காரருக்கு இப்படி ஆகிவிட்டதே" என்று கேட்டிருக்கிறார். பரிவாகத்தான் கேட்டிருப்பார். அன்றோடு அந்தக் கடை வரை நடையும் நின்றது. நான் வாங்கி வந்த ஊன்றுகோல் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கதவு மூலையில் நிற்கிறது.

உங்கள் வெட்கத்தைச் சிறிய விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தச் சாலையில் விசிறியோடு ஓடி எல்லோரும் பார்த்தார்களோ, அதே சாலையில் நொண்டி நடப்பதை அவர்களே பார்ப்பது வலிக்கும். நீங்கள் இழந்தது பெரிய பொருள். அதற்காக அழலாம். ஆனால் அந்த இழப்புக்காக மீதியிருக்கும் காலையும் கொடுத்துவிட வேண்டாம். ஊன்றுகோலை எடுங்கள். வலது முட்டுதானே வலிக்கிறது, இடது கையில் பிடியுங்கள். வலிக்கும் பக்கமே பிடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்பு வரை வர வேண்டும். அடியிலிருக்கும் ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும், நம் ஊர் மழைக்கு அது முக்கியம். சாலை வேண்டாம் என்றால் இருட்டு விலகும் நேரத்தில் பின்பக்கத்து வாய்க்கால் கரையில் நடங்கள். நான் கூட வருகிறேன்.

மனம் வரட்டும், அப்புறம் நடக்கிறேன் என்று மைனியிடம் சொன்னீர்களாம். எனக்கும் ஒரு நாளும் காலையில் மனம் வந்ததில்லை, அண்ணா. பால்காரர் மணி அடித்ததும் பால் பாத்திரத்தை உள்ளே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிவிடுவேன். யோசிப்பதற்கு இடம் கொடுப்பதில்லை. தெருமுனை தாண்டி நாலைந்து நிமிடம் ஆனபிறகு மனம் தானாகப் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். என்னோடு நடக்கும் மூன்று பெண்களும் வாசலில் நின்று காத்திருப்பார்கள் என்ற எண்ணமே பாதி நாள் என்னை எழுப்பியிருக்கிறது. உடம்பு ஒத்துழைக்காத நாளில் நாற்காலிப் பயிற்சி மட்டும், அதுவும் முடியாவிட்டால் கட்டிலில் படுத்தபடியே முழங்காலை நீட்டித் தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது. காலண்டரில் அன்றைக்கும் ஒரு கோடு விழும். நமக்கோ இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருடத்தில் பாதி நாள் வழுக்கல்தான். மழை நாளில் உங்கள் வராந்தா போதும். போன முறை அளந்தேன், முனைக்கு முனை 14 அடி எடுத்து வைக்கலாம்.

வலியைப் பற்றி ஒரு கணக்கு அந்தப் பிசியோதெரபிப் பெண் சொல்லிக் கொடுத்தாள். நடக்கும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. நின்று இரண்டு மணி நேரம் ஆகியும் வலி அடங்காவிட்டால், அல்லது மறுநாள் காலை வீக்கம் தெரிந்தால், அடுத்த முறை தூரத்தைக் குறைக்க வேண்டும். நிறுத்தக் கூடாது. நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் மட்டும் அங்கேயே நின்று ஆள் கூப்பிட வேண்டும், உடனே ஆஸ்பத்திரி. சர்க்கரை மாத்திரை எடுப்பதால் சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். சாப்பிட்டபின் பத்து நிமிட நடை, சோற்றுக்குப்பின் எகிறும் சர்க்கரையைத் தணிக்கும். இதில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வெறுங்கால் வேண்டாம். ஓட்டத்துக்கு வெறுங்கால் விரதம், சரி. இப்போது பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது. முள் ஏறினாலும் தெரியாது. தினமும் இரவில் மைனியிடம் உள்ளங்காலைக் காட்டுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து உங்கள் வீட்டுக்கு அடிக்கடி வர என்னால் முடியாது. வீட்டிலேயே முடங்கியவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கும்படி மைனியிடம் சொல்லியிருக்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வடசேரியில் ஏறிவிடுவேன். உங்களுக்கு 8-ஆம் நம்பர் செருப்பு வாங்கிவிட்டேன், பின்பக்கம் பட்டை உள்ளது, அடி வழுக்காதது. சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு வையுங்கள். தலையணை இரண்டு. காப்பி போட வேண்டாம் என்று மைனியிடம் சொல்லுங்கள், வாய்க்கால் மதகு வரை போய்த் திரும்பி வந்து குடிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் தங்கை