டிசம்பரில் வேண்டாம், மே மாதம் போ

அன்புள்ள செந்தில்,

டிசம்பர் லீவில் பசிபிக் தீவு நாடான வனுவாட்டு போய் பென்டகோஸ்ட் தீவில் நகோல் என்ற கொடிப் பாய்ச்சலைப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். டிசம்பரில் அங்கே நகோல் கிடையாது. பணம் தருகிறேன், எனக்காக ஒருமுறை நடத்துங்கள் என்று யாரிடமும் தயவுசெய்து கேட்டுவிடாதே.

கணுக்காலில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு, 20 முதல் 30 மீட்டர் உயர மரக்கோபுரத்திலிருந்து தலைகீழாகப் பாய்வதுதான் நகோல். ரப்பர் கயிறு எதுவும் இல்லை. பாய்கிறவர் உயிர் கொடிக்குள் இருக்கும் ஈரத்தை நம்பி இருக்கிறது. அங்கே மழைக்காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மழை குடித்து ஊறிய கொடி ஏப்ரலிலிருந்து ஜூன் வரைதான் அறுந்துவிடாமல் இழுபட்டுக் கொடுக்கும். பெருவள்ளிக்கிழங்கு அறுவடையும் அதையொட்டித்தான். பாய்ச்சல் நன்றாக அமைந்தால் அடுத்த விளைச்சலும் நன்றாக இருக்கும் என்று அந்த மக்கள் நம்புகிறார்கள். 1974 பிப்ரவரியில் எலிசபெத் அரசி வந்தபோது அவருக்காகப் பருவம் தவறி நடத்தினார்கள். கொடி பதத்துக்கு வந்திருக்கவில்லை. அது அறுந்து விழுந்த ஒருவர் இறந்துபோனார்.

போனால் கோபுரத்தை நிதானமாகப் பார். நம்மூர் சாரம் மாதிரி கழிகளைக் கொடியால் பிணைத்துக் கட்டியிருப்பார்கள். புதிதாக வெட்டிய மரம்தான் வளைந்துகொடுக்கும் என்பதால் காய்ந்த மரத்தைத் தொடமாட்டார்கள். பாய்கிற ஒவ்வொருவருக்கும் தனிப் பலகை. கொடி விறைக்கும் நொடியில் பலகையைத் தாங்கும் குச்சிகள் முறிந்து பலகை கீழே மடங்கும். பார்க்கிறவர்களுக்குப் பதறும், ஆனால் அது முறிய வேண்டும் என்றே கட்டியது. அதிர்ச்சியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. கீழே கல் பொறுக்கி, மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கியிருப்பார்கள். கொடியின் நீளத்தை ஊர்ப் பெரியவர் ஆளின் எடை பார்த்துக் கண்ணளவிலேயே முடிவு செய்வார். நீளம் கூடினால் தரையில் மோதல். குறைந்தால் ஊசலாடிக் கோபுரத்தில் மோதல். தோளோ தலைமுடியோ மண்ணை உரசினால் கச்சிதம். சிறுவர்கள் தாழ்வான பலகையிலிருந்து தொடங்குவார்கள், உச்சிப் பலகை கடைசியில்.

கட்டும் நாட்களில் பெண்கள் கோபுரத்தின் அருகே போகக்கூடாது என்பது வழக்கம். உன்னோடு பிருந்தாவும் வருவதால் எங்கே நிற்கலாம் என்று முதலிலேயே கேட்டுவிடு. படம் எடுக்கவும் வீடியோ எடுக்கவும் கட்டணம் உண்டு, பேரம் பேசாதே.

மே மாதத்தைத்தான் நான் சொல்வேன். ஏப்ரலில் புயல் ஆபத்து முழுதாக விலகியிருக்காது. 2020 ஏப்ரலில் ஹரால்ட் புயல் பென்டகோஸ்டைப் புரட்டிப்போட்டது. நகோல் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கும். வியாழனே தீவில் இறங்கிவிடு, திரும்பும்போதும் தலைநகர் போர்ட் விலாவில் இரண்டு நாள் கையில் வைத்துக்கொள். பென்டகோஸ்டின் லோனோரோர் விமானத் தளத்துக்குப் போவது சிறிய விமானம். மழை பிடித்தால் ரத்தாகும். அதில் பை பெரும்பாலும் 10 கிலோவுக்குள் இருக்க வேண்டும், உன்னையும் எடை போடுவார்கள். சிட்னி அல்லது பிரிஸ்பேன் வழியாகப் போனால், விமான நிலையத்தைவிட்டு வெளியே வராவிட்டாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஆஸ்திரேலிய டிரான்சிட் விசா வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அந்த நாட்டுப் பணமான வாட்டு நோட்டுகளைப் போர்ட் விலாவிலேயே சில்லறையாக எடுத்துக்கொள். பென்டகோஸ்டில் ஏடிஎம்மை நம்பிப் போகாதே. மலேரியா உண்டு. டாக்டர் தடுப்பு மாத்திரையாக டாக்ஸிசைக்ளின் எழுதிக்கொடுத்தால் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். ஊர் வந்ததும் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு.

மாலையில் நகமால் என்ற ஊர்க்கூடத்தில் காவா கொடுப்பார்கள், அது காவாச் செடியின் வேரிலிருந்து எடுக்கும் மயக்கம் தரும் பானம். வெறும் வயிற்றில் ஒரே மடக்காகக் குடிப்பது முறை. நாக்கு மரத்துப்போகும், பயப்படாதே. அங்கே பச்சை வேரில் எடுப்பதால் வீரியம் அதிகம். முதல் நாள் ஒரு சிரட்டை போதும், மதுவோடு சேர்க்கவே கூடாது. நகமாலில் குரலைத் தாழ்த்திப் பேசு. சில ஊர்களில் அது ஆண்களுக்கு மட்டுமான இடம், அதையும் பிருந்தாவிடம் முன்கூட்டியே சொல்லிவை.

டிக்கெட் போடும் முன் தேதிகளை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்