சன்மானம் வேண்டாம், ஊதியம் தாருங்கள்

அருங்காட்சியகங்களையும் கலைக்கூடங்களையும் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் பினாலே கலைக் கண்காட்சிகளையும் நடத்துபவர்களுக்கு,

வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்களில் ஒருவரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கண்காட்சி திறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. கேட்டலாக்குக்கு, அதாவது கண்காட்சியோடு வெளியாகும் புத்தகத்துக்கு, 1,500 சொற்களில் ஒரு கட்டுரை வேண்டும். மற்றவர்கள் எழுதியவற்றையும் ஒருமுறை பார்த்துச் செப்பனிட்டுத் தர வேண்டும். ஓவியங்களின் படங்களை அன்றே அனுப்பிவிடுவார்கள். திறப்பு விழா முடிந்த பிறகு ஒரு சிறு சன்மானம் உண்டு என்று கடைசி வரியில் இருந்தது.

மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சன்மானம் என்பது கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பது. எவ்வளவு, எப்போது என்று வாங்குபவர் வாய்திறந்து கேட்க முடியாது. கேட்டலாக்கை அச்சிட்டவருக்கு, ஓவியங்களுக்குச் சட்டம் போட்டவருக்கு, சுவருக்கு வெள்ளையடித்தவருக்கு யாரும் சன்மானம் தருவதில்லை. அவர்களுக்குப் பேசிய தொகை உண்டு, ரசீது உண்டு, தேதி உண்டு. அதுதான் முறை. எழுதுபவரிடமும் தொகுப்பவரிடமும் வரும்போது மட்டும் அந்த முறை ஏன் காணாமல் போகிறது?

அந்த 1,500 சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்கிறேன். முதல் சந்திப்பில் ஓவியர் தாம் காட்ட விரும்புவதைத்தான் காட்டுவார். ஸ்டுடியோவின் மூலையில், முகம் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்து வைத்திருக்கும் கித்தான்களுக்கு வந்து சேர இரண்டு மூன்று முறை போக வேண்டும். கட்டுரைக்கு வேண்டியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். படங்களை மட்டும் பார்த்து எழுதினால் தாளின் சொரசொரப்பு தெரியாது, ஓவியத்தின் அளவு உடலில் படாது. அப்படி எழுதிய கட்டுரையை எந்த ஓவியருக்கும் பொருத்தலாம்.

செப்பனிடும் வேலை இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. ஒரு கேட்டலாக்குக்கு நான் பதிப்பாசிரியராக இருந்தபோது ஒரு படக்குறிப்பில் 120 × 90 செ.மீ. என்று இருந்தது. உயரம் முதலில், அகலம் அடுத்து என்பது எங்கள் துறை வழக்கம். ஆகவே ஓவியம் நெடியதாக இருக்க வேண்டும். வந்திருந்த படமோ அகலமானது. எண்கள் இடம் மாறிவிட்டனவா, படத்தை யாராவது திருப்பிவிட்டார்களா? ஓவியர் உயிரோடு இல்லை. ஓவியத்தை வைத்திருப்பவரைத் தேடிப்பிடித்து, அதைச் சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். சட்டத்தில் பென்சிலால் போட்ட சிறு அம்புக்குறி ஒன்று இருந்தது, ஓவியரே போட்டது. படம்தான் திரும்பியிருந்தது. இரண்டு நாள் வேலை. புத்தகத்தைப் புரட்டுபவருக்கு அங்கே எதுவுமே நடந்ததாகத் தெரியாது.

இது சின்ன விஷயமல்ல. 1961-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ‘படகு’ என்ற காகித வெட்டோவியம் 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைக் கடந்துபோனார்கள். பிழையைக் கண்டவர் பார்வையாளராக வந்த ஒரு பங்குத் தரகர். அவருடைய சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது கேட்டலாக்கில் சரியாக அச்சாகியிருந்த படம். அந்தப் பக்கத்தைச் சரியாக வைத்த கைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஊதியம் குறைவு என்பதைவிட, அது வரும் தேதி எனக்குப் பெரிய கவலை. பணம் திறப்பு விழாவுக்குப் பிறகு என்றால், கட்டுரையைக் கொடுத்த நாளிலிருந்து விழா வரைக்கும் என் எழுத்து உங்கள் கையில் பிணையாக இருக்கிறது. ஒரு கலைக்கூடத்துக்கு எழுதிய கட்டுரையில், கடைசி வரிசை ஓவியங்கள் முந்தியவற்றின் வேகத்தை இழந்துவிட்டன என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை எடுத்துவிடச் சொன்னார்கள். அந்த மாத வாடகை பாக்கி இருந்தது, எடுத்துவிட்டேன். அந்தப் பத்தி இல்லாமல் கட்டுரை பொய்யாகிவிட்டது, அதன் கீழே என் பெயர் இருக்கிறது. அணிந்துரை வேண்டுமென்றால் அணிந்துரை என்றே கேளுங்கள். விமர்சனம் என்று கேட்டுவிட்டு அணிந்துரையை எதிர்பார்க்காதீர்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் ஓவியக் கண்காட்சிகளைப் பற்றி பிரெஞ்சு எழுத்தாளர் தெனி தீதரோ அவ்வளவு துணிச்சலாக எழுத முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1759 முதல் அவர் எழுதியவை அச்சில் வரவில்லை. கையெழுத்துப் பிரதிகளாக, பெரும்பாலும் பிரான்சுக்கு வெளியே இருந்த ஒரு சில சந்தாதாரர்களுக்குப் போயின. கண்காட்சியை நடத்தியவர்களின் தயவு அவருக்குத் தேவைப்படவில்லை. எங்களுக்குத் தேவைப்படுகிறது.

எந்த நிறுவனத்தையும் சாராமல் கண்காட்சிகளைத் தொகுத்து அமைக்கும் சுயாதீன க்யூரேட்டர் என்றதும் எல்லோரும் ஹரால்ட் ஸீமானைச் சொல்வார்கள். 1969-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் கலைக்கூடத்தின் இயக்குநர் பதவியை விட்டு வெளியேறிய அவர், தமக்கென ஒரு முகமையைத் தொடங்கினார். பிழைப்புக்காக வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களின் வேலையைக் குறிக்கும் ‘காஸ்ட்ஆர்பைட்’ என்ற ஜெர்மன் சொல்லையே அதன் பெயரில் வைத்தார். தாம் செய்வது உழைப்பு என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. அவருடைய துணிச்சலைப் புகழ்ந்து உரையாற்றும் நீங்கள் அந்தப் பெயரையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கடன்வாங்கிய ஓவியங்களில் சேதம் உண்டா என்று பதியும் நிலை அறிக்கையைச் சரிபார்ப்பதும், தாளில் வரைந்தவற்றின் மேல் 50 லக்ஸ் என்ற ஒளி அளவுக்கு மிகாமல் ஒளி விழுகிறதா என்று இரவில் ஒளிமானியோடு நின்று அளப்பதும் உழைப்புதான்.

முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை. கனடாவில் கலைஞர்கள் 1968-இல் கார்ஃபாக் என்ற அமைப்பைத் தொடங்கி, படைப்பைக் காட்சிக்கு வைப்பதற்கே கட்டணம் வேண்டும் என்றார்கள். இருபது ஆண்டுகள் ஆயின. 1988-இல் அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் காட்சிப்படுத்தும் உரிமை இடம்பெற்றது. நான் கேட்பதற்குச் சட்டம்கூட வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போதும். முதல் மடலிலேயே தொகையைச் சொல்லுங்கள். பாதியை ஒப்புக்கொண்ட அன்றும் மீதியைக் கட்டுரை கைக்கு வந்த அன்றும் கொடுங்கள். கண்காட்சி தள்ளிப்போனாலும் நின்றுபோனாலும் கொடுங்கள். தகவல் பிழை இருந்தால் திருத்துங்கள், நன்றியோடு ஏற்பேன். என் கருத்தைத் தொட வேண்டுமென்றால் என்னோடு பேசுங்கள். செப்பனிட்டவரின் பெயரை, வடிவமைத்தவரின் பெயர் இருக்கும் பக்கத்திலேயே போடுங்கள்.

அந்த மின்னஞ்சலுக்கு மறுத்து எழுதிவிட்டேன். மனம் கேட்கவில்லை. அந்த ஓவியரின் கோட்டோவியங்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பேனாவை எடுக்காமல் ஒரு முதுகை வரைந்துவிட்டு, தோளுக்கு வரும்போது மட்டும் அவர் தயங்குவார். மை அங்கே சற்றே ஊறிப் பரவியிருக்கும். அதைப் பற்றி யாரும் இதுவரை எழுதவில்லை. என் குறிப்புகள் மேசையில்தான் இருக்கின்றன. அவருடைய அடுத்த கண்காட்சிக்கு ஆறு மாதம் முன்பே, தொகையும் தேதியும் போட்டு எழுதுங்கள். அன்றே தொடங்குகிறேன்.

அன்புடன்,
ஒரு சுயாதீனக் கலை எழுத்தாளர்