உன் மகளுக்குக் கிடைத்த பட்டம்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. இடது கண்ணில் புரை எடுத்துப் பதினைந்து நாள் ஆகிறது, சொட்டு மருந்து இன்னும் நிற்கவில்லை. பதில் தாமதமானது அதனால்தான்.

அலுவலக மதிப்பீட்டில் மேலாளர் உன் மகளை ‘சர்க்கம்ஸ்பெக்ட்’ என்று எழுதிவிட்டார், தன்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறாரோ என்று அவள் குமைகிறாள் என்றாய். அப்படி இல்லையடா. லத்தீனில் ‘சிர்க்கும்’ என்றால் சுற்றிலும், ‘ஸ்பெக்கெரே’ என்றால் பார்ப்பது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காலெடுத்து வைப்பவள், அவ்வளவுதான். பயம் அந்தச் சொல்லில் எங்குமே கிடையாது. வாத்தியாரைப் பற்றி நாம் திண்ணையில் கிண்டலடித்தபோதெல்லாம் “பகல்ல பக்கம் பாத்துப் பேசுங்கடா” என்று உன் ஆத்தா அதட்டுவாரே, லத்தீன் தெரியாமலே அவர் சொன்னது இதைத்தான்.

அந்தப் ‘பார்ப்பது’ பெரிய குடும்பம். திரும்பிப் பார்த்தால் ரெஸ்பெக்ட், கீழிருந்து ஒரு மாதிரியாகப் பார்த்தால் சஸ்பெக்ட், மேலேயிருந்து இளக்காரமாகப் பார்த்தால் டெஸ்பைஸ். இப்போது நான் கழற்றி வைத்திருக்கும் ஸ்பெக்டக்கிள்ஸும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

மேலாளர் ‘செயரி’, அதாவது எதற்கும் தயங்குகிறவள், என்று எழுதியிருந்தால் அவள் கொஞ்சம் வருத்தப்படலாம். ‘கேர்’ என்ற சொல்லோடு பிறந்தது அது. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் துயரப்படுகிறவன் என்றே பொருள். கவலைப்பட்டவன் தயங்குவான் என்று பிற்பாடு இந்த அர்த்தம் ஒட்டிக்கொண்டது. நாம் சொல்கிற ஜாக்கிரதை வடமொழியில் விழித்திருப்பது. உஷாரில் இருப்பது பாரசீக ‘ஹோஷ்’, அதாவது நினைவு, சுரணை. நமக்குத் தூங்காமல் இருந்தாலே போதும் போலிருக்கிறது, தலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறவர்கள் ரோமாக்காரர்கள்.

அப்புறம், உன் பங்காளி விவகாரத்தில் உன்னைக் கேட்காமல் கோர்ட் உத்தரவு போடக் கூடாது என்று வக்கீல் கேவியட் மனு போட்டாரே, அதுவும் லத்தீன்தான். ‘அவன் ஜாக்கிரதையாக இருக்கட்டும்’ என்று பொருள். காஷனுக்கும் அதே வேர். ஆனால் அந்த மனுவுக்கு ஆயுள் 90 நாள்தான். ஆவணி முதல் வாரத்தில் போட்டதாகச் சொன்னாய், இப்போது கார்த்திகை பிறந்து பத்து நாளாகிறது. நாளைக்கே வக்கீலைப் பார்த்துப் புதிதாக ஒன்று போடச் சொல்.

உன்,
ராமு