வெளிக்கதவுக்குக் கண்ணாடி போட்டாயிற்று

பஃபலோ,
பங்குனி முதல் வாரம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தங்கச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. கட்டுப் பிரித்ததும் "இவ்வளவு ஒட்டடையோடா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினேன்?" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுப் பத்மா சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். நீயே விட்டால் இன்னும் நல்லது. கண்ணாடி வெட்டிப் பழகிய கை, நடுங்காது.

இங்கே நாங்கள் சுகம். பத்மாவின் முழங்கால் குளிரில் மக்கர் பண்ணும், வெயில் வந்தால் சரியாகிவிடும். சின்னவள் பாஸ்டனில் வேலை மாறிவிட்டாள். பழையதைவிடச் சம்பளம் குறைச்சல், ஆனால் முகத்தில் களை வந்திருக்கிறது. எனக்கு ஓய்வு கிடைத்தபின் எதையாவது பிரிப்பதும் பூட்டுவதுமாகப் பொழுது போகிறது. நீ விவரம் கேட்டிருந்த கதவு வேலையும் அப்படி வந்து சேர்ந்ததுதான். கண்ணாடிக் கடைக்காரனுக்குக் கண்ணாடி பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. கேட்டுவிட்டாய், எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்து வீடுகளில் வாசலுக்கு இரண்டு கதவு. உள்பக்கமாகத் திறக்கும் மரக்கதவு ஒன்று. அதற்கு வெளியே, சில அங்குல இடைவெளி விட்டு, வெளிப்பக்கமாகத் திறக்கும் அலுமினியக் கதவு இன்னொன்று. ஸ்டார்ம் டோர் என்பார்கள். பெயருக்கேற்ற உடம்பு கிடையாது. ஒல்லியான சட்டம், நடுவே தலையிலிருந்து கணுக்கால் வரை ஒற்றைக் கண்ணாடி, அவ்வளவுதான். மழையும் பனியும் மரக்கதவில் நேராக அடிக்காமல் அது வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே அடைபட்ட காற்று குளிரை ஓரளவு தடுக்கும். குளிர்காலத்தில் மரக்கதவைத் திறந்து வைத்தால் கூடத்துக்குள் வெயில் வரும். கோடையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வலையை மாட்டிக்கொள்ளலாம். கூரியர்காரர் பொட்டலத்தை இரண்டு கதவுக்கும் நடுவில் சொருகிவிட்டுப் போவார். அதன் பெரிய பயன் அதுதான் என்பது பத்மாவின் கட்சி.

உடைந்தது காற்றால். ஈரி ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 390 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதன் வடகிழக்கு முனையில் எங்கள் ஊர். தென்மேற்குக் காற்று கிளம்பினால் நடுவே தடுக்க ஒரு மேடு கிடையாது. ஏரித் தண்ணீரையே தள்ளிக்கொண்டு வந்து இந்த முனையில் சில அடி உயர்த்திவிடும். 1977 ஜனவரியில், உறைந்து கிடந்த ஏரியின்மேல் சேர்ந்திருந்த பனியைக் காற்று வாரிக்கொண்டு வந்து ஊர்மேல் கொட்டியதை இங்கே பிறந்தவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்த மாதிரிக் காற்றுக்காகத்தான் கதவின் தலைமாட்டில் ஸ்பிரிங் வைத்த சங்கிலி ஒன்று இருக்கும். கதவு ஓர் அளவுக்குமேல் போகாமல் அது பிடித்து நிறுத்தும். பிப்ரவரியில் ஒரு நாள் பத்மா தபால் எடுக்கக் கதவைத் திறந்த நேரம் காற்று அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. சங்கிலியின் திருகாணி பழைய மரத்தோடு பெயர்ந்து வந்துவிட்டது. கதவு முழுச் சுற்றும் போய்ப் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் மோதியது. நல்ல காலம், அவள் வாசற்படிக்கு உள்ளே நின்றிருந்தாள்.

நீ பார்த்திருக்க வேண்டும் அந்த உடைப்பை. விரிசல் ஓடவில்லை, சில்லாகத் தெறிக்கவில்லை. ஒரு சத்தம், அடுத்த கணம் ஆறடிக் கண்ணாடி மொத்தமும் பருப்பளவு துண்டுகளாகப் படியில் கொட்டிக் கிடந்தது. உன் கடைக்கு ஷவர் கதவுக்கென்று வருகிறதே டஃபன்டு கிளாஸ், அதே ஜாதி. 600 டிகிரிக்கு மேல் சூடேற்றி, இருபுறமும் வேகமான காற்றை ஊதிச் சட்டென்று குளிர வைப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேல்தோலைப் பிடித்து உள்ளே இழுக்கும். ஆயுள் முழுக்க அந்த இழுபறியிலேயே நிற்கும் பொருள் அது. அதனால்தான் சாதாரணக் கண்ணாடியைவிட நாலு மடங்கு பலம் என்கிறார்கள். நடுவில் பந்து பட்டால் தாங்கும். ஓரத்தில் இரும்பு பட்டால் போச்சு. உள்ளே அடக்கி வைத்த இழுப்பெல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்துவிடுகிறது.

இங்கே இது சட்டமும்கூட. அந்த 1977லேயேதான் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விதி நடப்புக்கு வந்தது. ஸ்டார்ம் டோர், ஷவர் கதவு, தோட்டத்துக்குத் திறக்கும் சறுக்குக் கதவு, இவற்றிலெல்லாம் பாதுகாப்புக் கண்ணாடிதான் போட வேண்டும், டஃபன்டோ, நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய லேமினேட்டடோ. அதற்கு முன்னால் ஜன்னலுக்குப் போடுகிற கண்ணாடியையே கதவுக்கும் போட்டிருக்கிறார்கள். ஓடி வருகிற பிள்ளைகள் கதவைத் தள்ளுவதாக நினைத்துக் கண்ணாடியைத் தள்ளி, கை முழங்கை வரை கிழித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தெருவிலும் சில பழைய கதவுகளில், கண்ணாடி மூலையில் பாதுகாப்புக் கண்ணாடி என்று காட்டும் முத்திரை இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவரிடம் சொன்னேன். "அறுபது வருஷமா உடையலையே" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

உடைந்ததைக் கூட்டி அள்ளினேன். இன்றைக்கும் புல்லுக்குள் ஒன்றிரண்டு மினுக்குகின்றன. அடுத்து என்ன என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. மாப்பிள்ளை, கதவையே மாற்றிவிடுங்கள் மாமா, கண்ணாடிக்கு ஆகிற செலவில் பாதிக் கதவு வந்துவிடும் என்றார். கணக்கு சரிதான். ஆனால் இது 1950களில் கட்டிய வீடு. நிலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. இருக்கிற கதவை அதற்குத் தோதாக யாரோ எப்போதோ இழைத்து, பட்டை வைத்து, சரிக்கட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். கடையில் விற்கிற புதுக் கதவு நாலு மூலையும் மட்டமான நிலையை எதிர்பார்த்துச் செய்தது. அதைக் கொண்டு வந்தால் கதவு வேலை நிலை வேலையாகும், நிலை வேலை சுவர் வேலையாகும். சட்டத்துக்கும் கீலுக்கும் ஒரு குறையும் இல்லாதபோது அதை ஏன் குப்பைக்கு அனுப்ப வேண்டும்? உள்கதவு நுரை அடைத்த புது மாதிரி எஃகுக் கதவாக இருந்திருந்தால், வெளிக்கதவே வேண்டாம் என்றுகூட முடிவு செய்திருப்பேன். அந்த மாதிரிக் கதவுக்கு முன்னால் இது மிச்சம் பிடிக்கும் சூடு சொற்பம். எங்களுடையது பழைய மரம்.

இரண்டாவது யோசனை, ஹார்டுவேர் கடைக்காரருடையது: அக்ரிலிக் பிளாஸ்டிக் ஷீட் போடுங்கள், உடையாது, வீட்டிலேயே கீறி வெட்டலாம், விலையும் மலிவு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அக்ரிலிக், கண்ணாடியைப் போல எட்டு மடங்கு விரிந்து சுருங்கும். இந்த ஊரில் குளிரில் மைனஸ் 15, கோடையில் 30. ஆறடித் துண்டு அந்த இரண்டுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீளும், சுருங்கும். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர்கூட அசையாது. நெருக்கிப் போட்டால் வெயிலில் வயிறு தள்ளும், தளர்த்திப் போட்டால் குளிரில் கடகடவென்று ஆடும். துடைக்கத் துடைக்கக் கீறலும் விழும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஆக, கண்ணாடிதான். இதில்தான் உன் தொழிலும் என் வேலையும் பிரிகிற இடம். உன் மேஜையில் மண்ணெண்ணெய் தொட்டு ஒரு கோடு இழுத்து, அடியில் தட்டி, பிளந்து கொடுத்துவிடுவாய். ஒரு நூல் கூடினால் அங்கேயே சரி பண்ணலாம். டஃபன்டு கண்ணாடியில் அந்தப் பேச்சே இல்லை. சூளைக்குப் போவதற்கு முன்னால் வெட்டி, ஓரம் தேய்த்து, தேவையானால் துளையும் போட்டு அனுப்ப வேண்டும். வெந்து வந்தபின் கத்தி வைத்தால் மொத்தமும் பருப்பாகிவிடும். எனவே எல்லாச் சாமர்த்தியமும் டேப்பில்தான்.

உடைந்த கண்ணாடியை அளக்க வழியில்லை, எனவே பள்ளத்தை அளக்க வேண்டும். கண்ணாடியைச் சுற்றி மெல்லிய அலுமினியச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதை அப்படியே கதவிலிருந்து கழற்றிக் கூடத்து மேஜையில் ஜமுக்காளம் விரித்துக் கிடத்தினேன். பள்ளத்துக்குள் யூ வடிவ ரப்பர் பீடிங், அதற்குள் இன்னும் கண்ணாடித் துகள். எல்லாவற்றையும் பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்துவிட்டு, பள்ளத்தின் அடியிலிருந்து எதிர்ப் பள்ளத்தின் அடிவரை அளவு. மேலே, நடுவே, கீழே என்று அகலம். இரண்டு ஓரமும் நடுவும் உயரம். இருப்பதில் சின்னதைத்தான் எடுத்துக்கொண்டேன். அதில் பீடிங்கின் தடிமன் இரண்டு பக்கமும் போக, கடைசியில் ஒரு நூல் தள்ளுபடி. மூலைக்கு மூலை குறுக்கே அளந்ததில் இரண்டும் ஒத்துப்போயிற்று. நிலைதான் கோணல், இந்தச் சட்டம் கோணல் இல்லை. பழைய பீடிங்கை நீட்டி அளந்தால் கண்ணாடியின் சுற்றளவு வந்துவிடுமே என்று நீ சொல்லக்கூடும். நானும் நினைத்தேன். ஆனால் பல வருஷம் வெயிலில் காய்ந்த ரப்பர் சுருங்கியிருக்கும், அதை நம்பி ஆர்டர் கொடுக்க மனசு வரவில்லை. தடிமனும் மாறக்கூடாது. மூன்று மில்லிமீட்டருக்குச் செய்த பீடிங்கில் நாலு மில்லிமீட்டர் நுழையாது.

கண்ணாடிக் கடைக்காரர் நல்ல மனிதர். அளவுச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "இது யார் எடுத்த அளவு? நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்" என்றார். தப்பினால் அவர் பொறுப்பில்லை என்பதற்கு. கண்ணாடி வேறு ஊர்ச் சூளைக்குப் போய் வரவேண்டும், அதுவரை கோடை வலையை மாட்டி, அதன்மேல் பாலிதீன் தாளை இழுத்து ஒட்டி ஓட்டினோம். ராத்திரிக் காற்றில் அது படபடவென்று அடித்துத் தூக்கத்தைக் கெடுத்தது தவிர வேறு குறை இல்லை.

மாட்டுவது எளிது. சட்டத்தின் ஒரு பக்கத்து இரண்டு மூலைத் திருகாணிகளைக் கழற்றி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அந்தப் பட்டை மட்டும் பிரிந்து வரும். புது பீடிங்கைக் கண்ணாடியின் ஓரம் முழுக்கச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, பள்ளத்தில் வழுக்கி விட வேண்டியதுதான். கண்ணாடியைச் செங்குத்தாகத்தான் தூக்க வேண்டும், ஓரம் தரையில் படக்கூடாது, செருப்பு அட்டை ஏதாவது அடியில் வேண்டும் என்பதெல்லாம் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. மாப்பிள்ளை போலராய்ட் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தவர், கண்ணாடியில் திட்டுத் திட்டாக இருட்டாகத் தெரிகிறதே, டிஃபெக்டா என்றார். காற்று ஊதிய இடங்களின் இழுவிசை அந்தக் கூலிங் கிளாஸில் அப்படித் தெரியும். டஃபன்டுதான் என்பதற்கு முத்திரையைவிட நல்ல சாட்சி.

சங்கிலிக்கு நீளமான திருகாணி போட்டு, நிலைக்குப் பின்னால் உள்ள கட்டை வரை இறக்கிவிட்டேன். கதவை மெல்ல மூடவைக்கும் காற்று பம்பின் முனையில் ஒரு திருகாணி இருக்கும், அதையும் கொஞ்சம் இறுக்கியிருக்கிறேன்.

உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். யூபிவிசி ஜன்னல், டஃபன்டு கிளாஸ் என்று கடையை மாற்றத் துடிக்கிறான், வெட்டு மேஜையைக் கூட எடுத்துவிடலாம் என்கிறான், மனசு கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். அவனிடம் கோபித்துக்கொள்ளாதே. வெட்டுகிறவன் கையில் இருந்த தொழில் அளக்கிறவன் கைக்குப் போய்விட்டது. ஆனால் சைட்டுக்குப் போய் அளவெடுக்க அவன் அனுப்புகிற சின்னப் பையன்களுக்கு நிலை கோணல் என்றால் என்னவென்றே தெரியாது. நீ போ. பாலக்கரைக் கடையில் உட்கார்ந்து ஃபோட்டோ ஃபிரேமுக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருப்பதைவிட அந்த வேலைக்கு உன்னால் ஆகும். மேஜையையும் எடுக்கவிடாதே, படக் கண்ணாடிக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

விசா கிடைத்து நீ இங்கே வந்தால் கார்னிங் என்கிற ஊருக்குக் கூட்டிப்போகிறேன், காரில் இரண்டு இரண்டரை மணி நேரம். அங்குள்ள கண்ணாடி அருங்காட்சியகத்தில், கலிபோர்னியாவில் பாலமர் மலைத் தொலைநோக்கிக்காக 1934ல் வார்த்த 200 அங்குலக் கண்ணாடித் தட்டு ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வார்க்கும்போது அச்சுக்குள் இருந்த கட்டைகள் பிய்ந்து மேலே மிதந்து வந்துவிட்டதால் அது கழித்துவிடப்பட்டது. அதே வருஷக் கடைசியில் இன்னொன்று வார்த்து, மாதக்கணக்கில் துளித்துளியாகச் சூடு குறைத்து ஆற வைத்தார்கள்; அதுதான் மலைக்குப் போனது. என் கதவுக் கண்ணாடியைச் சில நொடிகளில் குளிரவைத்தால் பலம், அந்தத் தட்டைச் சில மாதம் ஆறவிட்டால்தான் பலம். கழித்துக்கட்டிய தட்டின் முன்னால் நீ ஒரு மணி நேரம் நிற்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஒரு சந்தேகம். பீடிங்கை மூலையில் மடக்கும்போது உள்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு உதட்டையும் வீ போல வெட்டி மடக்கினேன், கீழ் மூலை ஒன்றில் மட்டும் லேசாக இடைவெளி தெரிகிறது. நீங்கள் அங்கே மூலையில் துண்டாக வெட்டி ஒட்டிவிடுவீர்களா, அல்லது வெந்நீரில் போட்டு மடக்குவீர்களா? சிலிகான் வைக்க எனக்கு இஷ்டமில்லை, அடுத்த முறை பிரிக்க முடியாது. பதில் எழுதும்போது மறக்காமல் சொல்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
ரவி