ஆக்சிஜன் மெஷினை இறக்கிவைத்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நுரையீரல் நோயாளிகள் பலருக்கு வீட்டில் வைத்துக்கொள்ள அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் மெஷினை எழுதித் தருகிறார்கள். வாடகைக்குக் கொடுப்பவர்களில் பலர் மெஷினை இறக்கி, சுவிட்சைப் போட்டுக் காட்டி, டெபாசிட் வாங்கியதும் கிளம்பிவிடுகிறார்கள். இன்னும் அரைமணி நேரம் இருந்து சொல்லிக்கொடுத்தால் பாதித் தொல்லை வராது.

முதலில் டாக்டர் சீட்டு. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நாளுக்கு எத்தனை மணி நேரம், தூக்கத்தில் அளவு மாறுமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வெறுமனே ‘ஆக்சிஜன்’ என்றிருந்தால் டாக்டரிடம் கேட்காமல் மெஷினைத் தரக் கூடாது. சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயாளிகள் பலருக்கு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தாலே போதும். 90-ஐப் பார்த்துப் பயந்து வீட்டார் அளவைக் கூட்டிவிடுகிறார்கள். சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து நினைவு தப்பும் அளவுக்குப் போகும். டாக்டர் சொன்ன லிட்டர் அளவையும் ஆக்சிமீட்டர் அளவையும் மெஷின் மேலேயே பெரிய தமிழ் எழுத்தில் ஒட்டிவிட வேண்டும்.

‘காற்றே வரவில்லை’ என்ற புகாரா? ஆக்சிஜனை ஈரமாக்கும் தண்ணீர்க் குடுவையின் மூடியைப் பாருங்கள். மரை சரியாக ஏறாவிட்டால் காற்று அங்கேயே கசியும். குடுவையில் குமிழி வரும், மூக்குக் குழாய்க்குக் காற்று போகாது. மூக்குக் குழாயின் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்க்கப் பழக்கினால் போனிலேயே தீர்ந்துவிடும். குடுவைக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் நல்லது, தினமும் மாற்ற வேண்டும். தூசி ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

காற்று வருவதும் ஆக்சிஜன் வருவதும் ஒன்றல்ல. மெஷினுக்குள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் ஜியோலைட் என்ற பொருள், ஈரம் ஏறினால் வலுவிழக்கும். பலர் கை மாறிய வாடகை மெஷினில் காற்று வேகமாகவே வரும், ஆக்சிஜன் மட்டும் குறைந்திருக்கும். நோயாளிக்கு அது தெரியாது. ஆக்சிஜன் சதவீதத்தை அளக்கும் அனலைசர் கொண்டுவந்து, டாக்டர் சொன்ன அளவில் ஓடவிட்டு, வீட்டார் கண்முன் அளந்து எழுதித் தருவது கடைக்காரர் கடமை. 90 சதவீதமாவது காட்ட வேண்டும்.

மின்தடைக்கு ‘பி டைப்’ ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று அவசியம். நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம் தாங்கும். சிலிண்டரைத் தந்துவிட்டு அதைத் திறக்கும் ஸ்பேனரை மறந்துபோகிறவர்களும் உண்டு! வீட்டில் ஒருவரையாவது தம் கையால் திறந்து மூடவைக்க வேண்டும். தீ ஆபத்து உண்டு என்பதால் சாமி விளக்கும் ஊதுபத்தியும் அந்த அறையிலேயே கூடாது.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே மெஷின் வீட்டுக்குப் போய், அளந்து பார்த்த சீட்டு வார்டுக்கு வந்த பிறகு நோயாளியை அனுப்பும் வழக்கத்தை மருத்துவமனைகள் கொண்டுவர வேண்டும்.

- சுவாசப் பிரிவுச் செவிலியர், மதுரை